ஒரு போர் எப்படிச் சமைக்கப்படுகிறது?

கல்யாணத்துக்குப் போகிற நாம் பந்தியை மட்டும்தான் பார்க்கிறோம். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்தால் உப்பிலிருந்து பாயசம்வரை வரிசையாக வந்து விழுகிறது. பின்பக்கம் ஆக்குப்புரைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. போரும் ஏறத்தாழ அப்படித்தான். டி.வி.யில் குண்டு விழும்போதுதான் நமக்குப் போர் ஆரம்பம். ஆனால் அதற்குப் பல மாதம் முன்னாலேயே மளிகை வந்து இறங்கி, காய் நறுக்கி, அடுப்பில் அண்டா ஏறியிருக்கும்.

2003-ல் அமெரிக்கா இராக் மீது படையெடுத்ததை எடுத்துக்கொள்வோம். இந்தப் போரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. செனட் விசாரணைகள், கசிந்த குறிப்புகள், பத்திரிகைகளின் தாமதமான மன்னிப்புகள் என்று இதன் ஆக்குப்புரைக் கதவுகள் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டன. அதனால் உள்ளே போய் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். அரசியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் போதும்.

முதலில் அடுப்பு. ஊர்க் கல்யாணத்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டுவார்கள். காரியம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். அமெரிக்காவும் நெடுங்காலம் அப்படித்தான் செய்துவந்தது. போர் வந்தால் படை திரட்டும், முடிந்ததும் பெரும்பகுதியைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பும். கொரியப் போருக்குப் பிறகு அந்த அடுப்பை மூடவே இல்லை. 1961 ஜனவரி 17 அன்று, பதவியை விட்டு இறங்க மூன்றே நாள் இருந்தபோது, அதிபர் ஐசன்ஹோவர் இதைத்தான் நாட்டு மக்களிடம் எச்சரித்தார். நிரந்தரமான பெரும்படையும் பெரிய ஆயுதத் தொழிலும் கைகோத்தால், அவற்றின் செல்வாக்கு அரசாங்கத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் உட்காரும் என்றார். பேசியவர் ஒன்றும் காந்தியவாதி அல்ல. ஐரோப்பாவில் ஹிட்லரின் படைகளைத் தோற்கடித்த கூட்டுப்படையின் தலைமைத் தளபதி. 1953-லேயே அவர் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டியிருந்தார்: ஒரே ஒரு சண்டை விமானத்தின் விலை ஐந்து லட்சம் புஷல் கோதுமை. நம் கணக்கில் ஏறக்குறைய 13,600 டன்.

இன்று அந்த அடுப்பின் அளவு என்ன? ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் அமெரிக்கா ராணுவத்துக்குச் செலவழித்தது 99,700 கோடி டாலர். உலகமே ராணுவத்துக்குச் செலவழித்ததில் 37 சதவீதம்.

சரி, அடுப்பு அணையாமல் எரிந்தால் என்ன கெட்டுப்போகிறது? விறகுக்காரர், பாத்திர வாடகைக்காரர், காய் நறுக்குபவர் எல்லாருடைய வீட்டுச் சோறும் அந்த நெருப்பை நம்பியிருக்கும். பிறகு யார் அதை அணைக்கச் சொல்வார்கள்? 2012-ல் ராணுவத் தலைமைத் தளபதி ரே ஒடியெர்னோ நாடாளுமன்றத்துக்கே போய், கையில் இருக்கும் ஏப்ரம்ஸ் டாங்கிகள் போதும், கொஞ்ச காலம் புதுப்பிப்பு வேலையை நிறுத்திவைக்கலாம் என்றார். வேண்டாம் என்று சொன்னவர் தளபதி. வேண்டும் என்று பணம் ஒதுக்கியவர்கள் இரண்டு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்துதான். காரணம், ஒஹாயோ மாநிலத்தின் லைமா என்ற ஊரில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு உதிரிபாகம் அனுப்பும் சிறு ஆலைகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. எஃப்-35 விமானத்தின் பாகங்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தயாராகின்றன. எந்த உறுப்பினர் தன் தொகுதியில் ஆலையை மூடச் சொல்லி ஓட்டுக் கேட்பார்? இதில் பெரிய சதி எதையும் தேட வேண்டாம். மாதச் சம்பளம் போதும், அடுப்பு எரிய.

அடுத்து மளிகை. வீட்டில் நாம் சந்தைக்குப் போய், எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கி வந்து என்ன சமைக்கலாம் என்று யோசிப்போம். கல்யாணச் சமையலில் மெனு முதலில் முடிவாகிவிடும். அதற்குத் தக்கபடிதான் மளிகை லிஸ்ட். இராக் விஷயத்தில் மெனு முடிவானது எப்போது? 2002 ஜூலை 23 அன்று லண்டனில் பிரதமர் டோனி பிளேர் நடத்திய கூட்டத்தின் குறிப்பு ஒன்று 2005-ல் பத்திரிகையில் வெளிவந்தது. வாஷிங்டன் போய்த் திரும்பியிருந்த பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் அங்கே சொன்னதன் சாரம் இது: போர் நிச்சயம் என்ற எண்ணத்துக்கு வந்துவிட்டார்கள், அந்த முடிவுக்கு ஏற்றபடி உளவுத் தகவல்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். சதாம் ஹுசேனிடம் ரசாயன, உயிரி ஆயுதங்கள் இருக்கின்றன, அணுகுண்டும் செய்யப்போகிறார் என்பதுதான் மெனு. இனி அதற்குக் காய் வேண்டும்.

முதல் காய், அலுமினியக் குழாய். இராக் பல்லாயிரக்கணக்கில் இந்தக் குழாய்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. யுரேனியத்தைச் செறிவூட்டும் எந்திரத்துக்குத்தான் இவை என்றார்கள் சி.ஐ.ஏ. ஆய்வாளர்கள் சிலர். அந்த எந்திரங்களைப் பற்றி நன்கு அறிந்த அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்களோ, குழாயின் நீளமும் கனமும் சிறிய பீரங்கி ராக்கெட்டுக்குத்தான் பொருந்தும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் இவர்கள்தான். அவர்கள் எழுதிய காகிதம் லிஸ்டின் அடியில் போய்விட்டது.

இரண்டாவது காயை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த ஒரு இராக்கிய எஞ்சினியர், தன் நாட்டில் லாரிகளுக்குள் வைத்துக் கிருமி ஆயுதம் தயாரிக்கிறார்கள் என்று ஜெர்மன் உளவுத்துறையிடம் கதை சொன்னார். ரகசியப் பெயர் ‘கர்வ்பால்’. போருக்கு முன்னால் அமெரிக்க அதிகாரிகள் அவரை உட்காரவைத்து விசாரித்ததே இல்லை. ஜெர்மானியர் அனுப்பிய அறிக்கைகளைத்தான் படித்தார்கள். ஜெர்மானியருக்கே அவர் மேல் சந்தேகம் இருந்தது. சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று 2011-ல் அவரே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, நைஜர் நாட்டிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய கடிதங்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் அவை போலி என்று பகிரங்கமாகச் சொன்னார். அதற்குள் அதிபர் ஜார்ஜ் புஷ் ஜனவரி மாத உரையில் இராக் ஆப்பிரிக்காவில் யுரேனியம் தேடியதாக நாட்டுக்கே அறிவித்துவிட்டிருந்தார். சொத்தைக் கத்தரிக்காய் சாம்பாரில் விழுந்த பிறகு யார் தேடி எடுப்பது?

பிறகு தாளிப்பு. கடுகு வெடித்துப் பெருங்காயம் எண்ணெயில் விழுந்தால் வாசனை தெருமுனைவரை போகும். சாப்பாடு தயாரோ இல்லையோ, பசி வந்துவிடும். பிரசாரத்தின் வேலையும் இதுதான். 2002 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையில் இராக்குக்கென்றே ஒரு குழு அமைந்தது. கூட்டியவர் அதிபரின் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ கார்ட். ஏன் செப்டம்பர்வரை காத்திருந்தீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, புதுச் சரக்கை யாரும் ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். வியாபாரியின் பதில், இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைப்பது அரிது.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததை மெதுவாகப் பார்க்க வேண்டும். காலையில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அலுமினியக் குழாய்ச் செய்தி. தகவல் கொடுத்தவர்கள் பெயர் சொல்லாத அரசு அதிகாரிகள். அதே காலையில் துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சிப் பேட்டிக்கு வந்து, நியூயார்க் டைம்ஸே எழுதியிருக்கிறதே என்று அந்தச் செய்தியை எடுத்துக்காட்டினார். இன்னொரு சானலில் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், அணுகுண்டு வெடித்து எழும் காளான் மேகம்தான் நமக்குக் கிடைக்கும் ஆதாரமாக இருக்கக் கூடாது என்றார். ஆக, அரசாங்கம் தன் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பத்திரிகையின் கிண்ணத்தில் ஊற்றியது. பிறகு அதே கிண்ணத்தை எடுத்துக்காட்டி, பக்கத்து வீட்டிலும் இதே சாம்பார்தான் என்றது. பார்த்தவர்களுக்கு இரண்டு அடுப்பில் வெந்ததாகத் தோன்றியது. அண்டா ஒன்றே ஒன்றுதான்.

இந்தக் கைப்பக்குவம் ஒரே நாளில் வந்ததல்ல. 1916 தேர்தலில் நம்மைப் போரிலிருந்து காத்தவர் என்ற பெயரோடு மறுபடி ஜெயித்தார் அதிபர் உட்ரோ வில்சன். ஐந்து மாதத்தில், 1917 ஏப்ரலில், முதல் உலகப் போரில் குதித்தார். நேற்றுவரை போர் வேண்டாம் என்ற ஜனங்களை இன்று வேண்டும் என்று சொல்லவைக்க வேண்டும். அதற்காக ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் ஒரு குழு போட்டார். அன்று சினிமாக் கொட்டகையில் படச்சுருள் மாற்ற நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தில் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வக்கீலோ வியாபாரியோ எழுந்து மேடையேறி, போருக்கு ஆதரவாகப் பேசிவிட்டு இறங்குவார். என்ன பேச வேண்டும் என்ற குறிப்பு வாஷிங்டனிலிருந்து வந்துவிடும். இப்படி நாடு முழுக்க 75,000 பேர், சம்பளம் இல்லாமல். கேட்டவர்களுக்கு அது அரசாங்கத்தின் குரலாகப் படவில்லை, நம்ம ஊர் வக்கீல் சொல்வதாகத்தான் பட்டது. அந்தச் சமயத்தில் ஜெர்மானியரின் ஊறுகாய் முட்டைக்கோஸுக்குக்கூட ‘சுதந்திர முட்டைக்கோஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். 2003-ல் பிரான்ஸ் போரை எதிர்த்தபோது நாடாளுமன்ற கேன்டீனில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ ஆனது. அந்தப் பெயர் மாற்றத்தைக் கேட்டு வாங்கியவர்களில் ஒருவரான வால்டர் ஜோன்ஸ் என்ற உறுப்பினர் பின்னாளில் மனம் மாறி, அந்தப் போரைக் கடுமையாக எதிர்த்தார். 2006-ல் மெனு அட்டை சத்தமில்லாமல் பழையபடி மாறிவிட்டது.

1990-ஐயும் சொல்லிவிட வேண்டும். குவைத்தை இராக் பிடித்திருந்த நேரம். அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் நடத்திய மனித உரிமைக் கூட்டத்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதபடி சாட்சி சொன்னாள். இராக்கியச் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, இன்குபேட்டரில் இருந்த சிசுக்களை எடுத்து வெறும் தரையில் போட்டதைக் கண்ணால் பார்த்ததாக. பெயர் நயிரா, குடும்பத்துக்கு ஆபத்து என்று முழுப்பெயரைச் சொல்லவில்லை. அப்போதைய அதிபர், ஜார்ஜ் புஷ்ஷின் அப்பா பெரியவர் புஷ், இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனவரியில் செனட்டில் போருக்கு அனுமதி கிடைத்தது 52-க்கு 47 என்ற நூலிழையில். ஒரு வருடம் கழித்துத்தான், 1992-ல், அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்றும், கூட்டத்துக்கு அவளைத் தயார்செய்தது குவைத்தின் பணத்தில் அமர்த்தப்பட்ட ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் என்றும் வெளியே வந்தது. சிசுக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குவைத்தில் இராக்கியப் படை செய்த கொலையும் சித்திரவதையும் உண்மைதான். அவற்றைச் சொல்லியே எதிர்த்திருக்கலாம். ஆனால் இருக்கிற உப்பு போதாது என்று அள்ளிப் போடுவதுதான் இந்தத் தொழிலின் பழக்கம்.

மறுபடி 2002-க்கு வருவோம். சமையல் முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் உள்ளங்கையில் வாங்கி ருசி பார்ப்பார். சரி என்றால்தான் பந்தி. அமெரிக்காவில் அந்தப் பெரியவர் நாடாளுமன்றம். போரை அறிவிக்கும் அதிகாரம் அரசியல் சட்டப்படி அதற்குத்தான். அக்டோபர் தொடக்கத்தில் 90 பக்கத்துக்கும் மேற்பட்ட ரகசிய உளவு மதிப்பீடு உறுப்பினர்களுக்குத் தரப்பட்டது. குழாய் விஷயத்தில் எரிசக்தித் துறை சொன்ன மறுப்பு அதற்குள் இருந்தது. பொதுமக்களுக்கு வெளியிட்ட சுருக்கத்திலோ அந்த மறுப்புகளின் காரம் அநேகமாகப் போய்விட்டது. முழு அறிக்கையையும் பூட்டிய அறையில் போய்ப் படித்த செனட்டர்கள் மிகச் சிலரே. படித்தவர்களில் ஒருவர் செனட் உளவுக் குழுவின் தலைவர் பாப் கிரஹாம். அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். மற்றவர்களில் பெரும்பாலோர் வாசனையிலேயே திருப்திப்பட்டுவிட்டார்கள். நவம்பரில் தேர்தல் வேறு. கீழவையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23. அனுமதி கிடைத்தது.

இனி பந்தி. 2003 பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் பரிமாற வந்தார். பரிமாறுகிறவர் நல்ல மனிதராக இருந்தால் இலையில் விழுவதை யாரும் ஆராய மாட்டார்கள். அந்த அரசாங்கத்தில் ஜனங்கள் அதிகம் நம்பியது பவலைத்தான். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை விரல்களுக்கு நடுவே தூக்கிப் பிடித்தார். ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான ஆந்த்ராக்ஸ் பொடி 2001-ல் அமெரிக்க செனட்டையே முடக்கியது, இராக்கிடம் இன்னும் எவ்வளவோ இருக்கலாம் என்றார். கிருமி லாரிகளையும் காட்டினார். போட்டோ அல்ல, வரைந்த படங்கள். போட்டோ எடுக்க லாரியே இல்லை. கர்வ்பால் சொன்ன கதைக்கு ஓவியர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த வளாகத்தில் பாதுகாப்பு கவுன்சில் வாசலருகே பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியத்தின் திரைச்சீலைப் பிரதி தொங்கும். குண்டுவீச்சில் செத்தவர்களைப் பற்றிய படம். அந்த நாட்களில் அதன் மேல் நீலத் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

டி.வி.க்காரர்கள் பந்தி விசாரித்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபேர் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு, பவல் உரைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் நான்கு சானல்களின் இரவுச் செய்திகளில் இராக் பற்றிப் பேசியவர்களை எண்ணிப் பார்த்தது. 393 பேர். போர் எதிர்ப்பு அமைப்புகளின் சார்பாகப் பேசியவர்கள் மூன்று பேர். கேள்வி கேட்ட ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை எம்.எஸ்.என்.பி.சி. அதே மாதம் நிறுத்தியது. பிறகு கசிந்த உள்சுற்றுக் குறிப்பில், போர்க்காலத்தில் இவர் நிறுவனத்துக்குச் சங்கடமான முகம் என்று இருந்தது. ‘ராணுவ நிபுணர்’ என்று சானல் சானலாக வந்த ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலருக்கு என்ன பேச வேண்டும் என்று பென்டகனே எடுத்துக்கொடுத்ததும், அவர்களில் சிலர் ஆயுத நிறுவனங்களோடு தொழில் உறவு வைத்திருந்ததும் 2008-ல் தெரியவந்தது. அதே நாட்களில், நைட் ரிடர் என்ற பத்திரிகைக் குழுமத்தின் வாஷிங்டன் நிருபர்கள் ஜோனதன் லான்டே, வாரன் ஸ்ட்ரோபல் இருவரும் சரியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர்களை விட்டுவிட்டு, குழாயைக் கையில் பிடித்துப் பார்க்கிற நடுமட்ட அதிகாரிகளிடம் போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் தலைநகரில் அந்தப் பத்திரிகைகளைப் படித்தவர்கள் குறைவு.

மார்ச் 20 அன்று குண்டு விழுந்தது. பந்தி முடிந்தால் எச்சில் இலையைக் கொல்லைப் பக்கமாகத்தான் எடுத்துப்போவார்கள். டோவர் விமானப்படைத் தளத்தில் வந்திறங்கும் சிப்பாய்களின் சவப்பெட்டிகளைப் படமெடுக்க 1991-லிருந்தே தடை, 2009-ல்தான் தளர்ந்தது. செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் 4,400-க்கும் மேல். செத்த இராக்கியப் பொதுமக்கள், செய்திகளில் பதிவானவர்களை மட்டும் எண்ணினாலும், ஒரு லட்சத்துக்கும் மேல். பில்? போர் தொடங்கிய அதே 2003-ல் வரியைக் குறைத்தார்கள். போருக்குக் கடன் வாங்கினார்கள். கட்டாய ராணுவ சேவையும் 1973-லேயே போய்விட்டது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளையும் போகவில்லை, பணமும் போகவில்லை. எனவே ருசி சரியில்லை என்று எழுந்திருக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. 2004 அக்டோபரில் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே, இராக்கில் ரசாயன, உயிரி ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

சரி, வேறு சமையலே இல்லையா? இருந்தது. அதே நேரத்தில், பக்கத்திலேயே.

2002 நவம்பர் 27 முதல் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ.நா. ஆய்வாளர்கள் இராக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் முன்னறிவிப்பு இல்லாமல் போய் இறங்கிச் சோதித்தார்கள். வாஷிங்டன் கைகாட்டிய இடங்களுக்கும் போனார்கள், பேரழிவு ஆயுதம் எதுவும் இல்லை. அனுமதித்த தூரத்தைவிட அதிகம் பாய்ந்த அல்-சமூத் ஏவுகணைகளைக் கண்டுபிடித்து, இராக்கையே உடைக்கவைத்தார்கள். மார்ச் மாதம் ஏறத்தாழ 70 ஏவுகணைகள் இப்படி நொறுங்கின. ஒரு தோட்டா செலவில்லை. மிச்ச வேலைக்குச் சில மாதங்கள் போதும் என்றார் பிளிக்ஸ். மார்ச் 18 அன்று, குண்டு விழப்போகிறது என்பதால், வேலை பாதியில் நிற்க வெளியேற வேண்டியதாயிற்று. பாதி வெந்த சோற்றை இறக்கிவைத்துவிட்டு, இந்த அடுப்பில் சோறே வேகாது என்பதுபோலத்தான் அது.

தெருவிலும் கூட்டம் இருந்தது. பிப்ரவரி 15 அன்று சுமார் 600 நகரங்களில் ஜனங்கள் போர் வேண்டாம் என்று இறங்கினார்கள். அண்டார்டிகாவின் மெக்மர்டோ ஆய்வு நிலையத்தில்கூட. அது போரை நிறுத்தவில்லை. ஆனால் துருக்கியில் நடந்ததைப் பாருங்கள். வடக்கிலிருந்து இராக்குக்குள் நுழைய துருக்கி வழிவிட வேண்டும். பதிலுக்கு நூற்றுக்கணக்கான கோடி டாலர் உதவி என்று பேரம். மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. வெளியே அங்காரா தெருக்களில் பெருங்கூட்டம். ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. மூன்று ஓட்டு குறைந்தது. வடக்கு வாசல் அடைபட்டது. உலகின் மிக வலிமையான படை தன் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. போர் என்ற சமையலுக்குப் பல கைகள் வேண்டும். அதில் ஒரு கை கரண்டியைக் கீழே வைத்தாலும் நேரம் பிசகும்.

அப்படியானால் 2003-ல் ஏன் முடியவில்லை? என் பார்வையில் காரணம் எளிது. போர்ச் சமையலின் அடுப்பு வருடம் பூராவும் எரிகிறது. சமாதானக்காரர்கள் பந்திக்கு ஆள் உட்கார்ந்த பிறகுதான் விறகு தேடப் போகிறார்கள். பிப்ரவரி 15-இல் கூடிய கூட்டம் எவ்வளவு பெரியதோ, 16-ஆம் தேதி என்ன செய்வது என்ற ஏற்பாடு அவ்வளவு சிறியது.

முன்கூட்டியே அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணம் உண்டு. ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர் கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். வெளியே வந்த பிறகு நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருடம் வேலை பார்த்து, காந்தியின் போராட்ட முறையைப் படித்துக்கொண்டு ஊர் திரும்பினார். நாஷ்வில் நகரில், கறுப்பர்களுக்குச் சாப்பாடு தராத உணவுக் கவுன்டர்களில் போய் உட்காரும் போராட்டம் தொடங்கியது 1960 பிப்ரவரியில். அதற்குப் பல மாதம் முன்பிருந்தே தேவாலய அறைகளில் மாணவர்களுக்கு லாசன் பயிற்சி கொடுத்தார். ஒருவன் நாற்காலியில் உட்கார்வான். நண்பர்களே சுற்றி நின்று திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியோடு கீழே தள்ளுவார்கள். திருப்பி அடிக்காமல், தலையை எப்படிக் காப்பது, விழுந்தவனை எப்படி மறைத்துக்கொள்வது என்று உடம்புக்குப் பழக்கினார்கள். மே மாதம் நகரின் கவுன்டர்கள் சில கறுப்பர்களுக்கும் திறந்தன.

நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே இது எடுபடுமா என்ற கேள்வி நியாயமானது. எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரும் போராட்டங்களை எடுத்து எண்ணினார்கள். ஆயுதம் ஏந்தாதவற்றில் 53 சதவீதம் ஜெயித்திருந்தன. ஏந்தியவற்றில் 26 சதவீதம். சமீப காலத்தில் இந்த வெற்றி விகிதம் இறங்கிவிட்டது என்று செனோவெத்தே பிறகு எழுதினார். எல்லா நோய்க்கும் மருந்து என்று யாரும் விற்க வரவில்லை. மேலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒரு நாட்டுக்குள் நடக்கும் போராட்டங்களைப் பற்றியது.

இரு தரப்புக்கும் நடுவே போய் நிற்கும் வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் என்ற அமைப்பு 2002-ல் டெல்லிக்கு அருகே கூடிய மாநாட்டில் உருவானது. முதல் களம் இலங்கை. 2003-லிருந்து மூதூர், வாழைச்சேனை, யாழ்ப்பாணம் பகுதிகளில் பயிற்சி பெற்ற வெளிநாட்டவர்கள் துப்பாக்கி இல்லாமல் தங்கி, மிரட்டப்பட்டவர்களோடு கூடவே போய்வந்தார்கள். மோதல் வெடிக்கும்போல் இருந்த இடங்களில் இரு பக்கமும் பேசினார்கள். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சில கைகள் தயங்கும். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் முழு வேலையும். 2009-ல் அங்கே போரின் இறுதியில் நேர்ந்த பேரழிவை அவர்களால் தடுக்க முடியவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களால் இரண்டு படைகளை நிறுத்த முடியாது. ஆனால் 2014 ஏப்ரலில் தெற்கு சூடானின் ‘போர்’ (Bor) என்ற நகரில் ஐ.நா. முகாமுக்குள் ஆயுதக் கும்பல் புகுந்தபோது, இந்த அமைப்பின் இருவர் ஒரு மண் குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளுமாக 14 பேரோடு இருந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் மூன்று தடவை வந்து, நீங்கள் வெளியே போங்கள், இவர்களை விடுங்கள் என்றார்கள். மூன்று தடவையும் அடையாள அட்டையைக் காட்டி, போக மாட்டோம் என்றார்கள் இவர்கள். 14 பேரும் பிழைத்தார்கள்.

இந்தச் சமாதான அடுப்புக்கு விறகு போடுவது யார்? 1984-ல், ரீகன் காலத்தில், அமெரிக்க நாடாளுமன்றமே ‘அமெரிக்க சமாதான நிறுவனம்’ ஒன்றைத் தொடங்கியது. மோதல்களை ஆயுதமின்றித் தீர்க்கும் வழிகளைப் படிக்கவும் ஆட்களைப் பழக்கவும். 2024-ல் அதற்குக் கிடைத்த வருட ஒதுக்கீடு 5.5 கோடி டாலர். ஒரு எஃப்-35 விமானத்தின் விலை அதைவிட அதிகம். 2025 மார்ச்சில், வீண் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அரசாங்கமே அந்த நிறுவனத்தின் கட்டடத்தைக் கைப்பற்றி ஊழியர்களில் பெரும்பாலோரை வேலையைவிட்டு நீக்கியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. லைமாவில் டாங்கி வேலை தொடர்கிறது.